எரிபொருள் பம்ப்: வரலாறும் பழுதறியும் முறையும்

எரிபொருள் பம்ப் என்பது வாகனத்தின் டேங்கில் உள்ள பெட்ரோலையோ டீசலையோ, என்ஜினுக்குத் தேவையான அளவிலும் அழுத்தத்திலும் கொண்டு சேர்க்கும் கருவி ஆகும். எரிபொருள் விற்கும் நிலையத்தையும் சிலர் பெட்ரோல் பம்ப் என்று சொல்வதுண்டு. இக்கட்டுரை வண்டிக்குள் இருக்கும் பம்ப்பைப் பற்றியது.

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றால், "பம்ப் போய்விட்டது" என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறோம். புதிய பம்ப் பொருத்தப்படுகிறது. சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது. சில நாட்களில் வண்டி மறுபடியும் அதேபோல் நிற்கிறது. பழுது பம்ப்பில் இல்லாமல், பம்ப் நம்பியிருக்கும் வேறொன்றில் இருந்திருக்கும். பம்ப்பின் வரலாற்றை அறிந்தவர்கள் இந்தத் தவறைச் செய்வது குறைவு. ஒவ்வொரு தலைமுறைப் பம்ப்பும் அதற்கு முந்தைய முறையின் குறையைத் தீர்க்கவே வந்தது. வரும்போது தனக்கென்று ஒரு புதிய குறையையும் கொண்டு வந்தது. ஆனால் பழுதறியக் கேட்க வேண்டிய கேள்விகள் நூறாண்டுகளாக மாறவில்லை. அவை மூன்று:

1. எரிபொருளை நகர்த்தும் விசை இருக்கிறதா?
2. நகர வேண்டிய எரிபொருள், காற்றோ ஆவியோ அழுக்கோ குறுக்கிடாமல் வந்து சேர்கிறதா?
3. வந்த எரிபொருள் தேவையான அழுத்தத்தில் நிற்கிறதா?

பம்ப் இல்லாத காலம்

தொடக்க காலக் கார்கள் பலவற்றில் பம்ப்பே கிடையாது. டேங்க் உயரத்தில் இருந்தது. கார்புரேட்டர் தாழ்வில் இருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்குவதுபோல் பெட்ரோல் தானாக இறங்கியது. புவியீர்ப்பே விசை.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ 1.5 கோடி வண்டிகள் தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி கார். அதன் டேங்க் பெரும்பாலான ஆண்டுகளில் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. சமதளத்தில் இந்த ஏற்பாடு குறையின்றி வேலை செய்தது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது வண்டியின் முன்பகுதி உயர்ந்து, டேங்கில் உள்ள பெட்ரோலின் மட்டத்தைவிடக் கார்புரேட்டர் மேலே போய்விடும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் என்ஜின் நின்றுவிடும். எனவே ஓட்டுநர்கள் காரைத் திருப்பிப் பின்னோக்கியே மேட்டில் ஏற்றினார்கள். அப்போது டேங்க் மேலேயும் என்ஜின் கீழேயும் அமைந்துவிடும். முதல் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இது: விசை புவியீர்ப்பு; அந்த விசை கிடைக்கும்படி வண்டியையே திருப்பிக்கொண்டார்கள்.

டேங்கை வண்டியின் பின்புறம் தாழ்வாக வைக்க விரும்பியவர்கள் வேறு வழி தேடினார்கள். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் போன்ற கார்களில், டேங்குக்குள் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால் பெட்ரோலை முன்னோக்கித் தள்ளினார்கள். என்ஜினைக் கிளப்பும் முன் ஒரு கை பம்ப்பால் காற்றடிக்க வேண்டும். டேங்கின் மூடி சற்றுத் தளர்ந்தாலே அழுத்தம் இறங்கி வண்டி நிற்கும். இங்கே பழுது பெரும்பாலும் மூடியிலும் இணைப்புகளிலும் இருந்தது.

உறிஞ்சு டேங்க்

1910களில் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் வார்னர் நிறுவனம் விற்ற 'வெற்றிட டேங்க்' மற்றொரு தீர்வு. பிரிட்டனில் இதே வகைக் கருவி 'ஆட்டோவாக்' என்ற பெயரில் பரவியது. என்ஜின் காற்றை உள்ளிழுக்கும்போது உட்கொள் குழாயில் ஏற்படும் உறிஞ்சு விசையைக் கொண்டு, பின்புற டேங்கிலிருந்து ஒரு சிறிய டேங்குக்குப் பெட்ரோலை இழுத்தார்கள். அந்தச் சிறிய டேங்க் கார்புரேட்டரைவிட உயரத்தில் இருந்ததால், அங்கிருந்து பெட்ரோல் தானாக இறங்கியது.

இதன் குறையும் மேட்டில்தான் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் உட்கொள் குழாயில் உறிஞ்சு விசை மிகவும் குறைந்துவிடும். நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து முழு விசையில் போனால் சிறிய டேங்க் காலியாகும். பழகிய ஓட்டுநர் இடையிடையே காலைத் தளர்த்தி, டேங்க் நிரம்ப நேரம் கொடுப்பார். என்ஜினுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகத் தரும் இந்தக் குணமே, உண்மையான பம்ப் ஒன்றின் தேவையை உணர்த்தியது.

டயஃப்ரம் பம்ப்

1920களின் இறுதியில் இயந்திர டயஃப்ரம் பம்ப் பரவத் தொடங்கியது. இதில் அமெரிக்காவின் ஏ.சி. ஸ்பார்க் பிளக் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பம்ப் என்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டது. என்ஜினின் கேம் தண்டு சுழலும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வை இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். பிறகு ஒரு ஸ்பிரிங் சவ்வைத் திருப்பித் தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். உள்ளே வந்தது திரும்பிப் போகாமலும், வெளியே போனது திரும்பி வராமலும் இரண்டு வால்வுகள் காக்கும். நம் இதயத்தின் வால்வுகள் செய்யும் அதே வேலை இது.

இதன் அழுத்தம் ஏறத்தாழ 0.2 முதல் 0.4 பார் வரைதான். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2.2 பார். டயர் காற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்த அழுத்தம் கார்புரேட்டருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் போனால் கார்புரேட்டர் நிரம்பி வழியும்.

இந்தப் பம்ப்பின் பழுதுகள் கண்ணால் பார்க்கக் கூடியவை. சவ்வு கிழிந்தால் பம்ப்பின் அடித்துளை வழியாகப் பெட்ரோல் ஒழுகும். அல்லது என்ஜின் ஆயிலோடு கலந்து ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆயில் அளவுக் கம்பியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். வால்வில் தூசி சிக்கினால் பெட்ரோல் முன்னும் பின்னும் ஊசலாடுமே தவிர மேலே ஏறாது. பல பம்ப்களில் இருந்த சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் அழுக்கும் தண்ணீரும் படிவதை நேரில் பார்க்கலாம். முழு பம்ப்பை மாற்றாமல், சவ்வும் கேஸ்கட்டும் அடங்கிய 'ரிப்பேர் கிட்' வாங்கிப் பொருத்தினாலே போதும். பழுதுபார்ப்பவருக்கு இணக்கமான பம்ப் என்றால் அது இதுதான்.

ஆவி அடைப்பும் ஈரத்துணியும்

டயஃப்ரம் பம்ப்பின் பெரிய குறை அதன் இருப்பிடம். சூடான என்ஜினை ஒட்டியே அது இருந்தது. அதோடு, தொலைவில் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை அது உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். பெட்ரோல் அப்படி ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் நீர்மம் அன்று. அது பல பொருள்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் ஏறத்தாழ 35 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமான பகுதிகளுக்கு 200 டிகிரி வரை தேவைப்படும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பம்ப் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது; என்ஜின் சூடு குழாயைச் சுடுகிறது. இரண்டும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறது. பம்ப் நீர்மத்தைத் தள்ளுவதற்காக அமைந்தது. ஆவி வந்தால் அது சுருங்கியும் விரிந்தும் விளையாடுமே தவிர நகராது. இதற்கு 'வேப்பர் லாக்' அல்லது ஆவி அடைப்பு என்று பெயர்.

மலைப்பாதையில் இது கூடுதலாக வரும். வண்டி மெதுவாக ஏறுவதால் காற்றோட்டம் குறைவு. என்ஜினுக்கு வேலை அதிகம். உயரம் கூடக் கூட வளிமண்டல அழுத்தமும் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் வளிமண்டல அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் காலத்தில், கோடையில் வழியில் நின்ற காரின் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுவது ஓட்டுநர்களுக்குத் தெரிந்த வைத்தியம். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது பம்ப்பின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருந்த பெட்ரோல் ஆவி மீண்டும் நீர்மமாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான். அந்தக் கார் சிறிது நேரத்தில் கிளம்பும். பம்ப்பில் ஒரு பழுதும் இல்லை; அது இருந்த இடம்தான் பழுது.

டிக் டிக் என்று பேசிய பம்ப்

பிரிட்டனின் எஸ்.யு. நிறுவனம் மின்சாரத்தால் இயங்கும் பம்ப்களைச் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த மாரிஸ் மைனர் உள்ளிட்ட பல பிரிட்டிஷ் கார்களில் இவை இருந்தன. மின்காந்தம் சவ்வை இழுக்கும். இழுத்து முடித்ததும் ஒரு தொடுமுனை மின்சாரத்தைத் துண்டிக்கும். ஸ்பிரிங் சவ்வைத் தள்ளும். தொடுமுனை மீண்டும் சேரும். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஓசை வரும்.

இந்த ஓசையே நோயறியும் கருவியானது. சாவியைத் திருப்பியதும் சில முறை டிக் என்று அடித்துவிட்டு நின்றால், கார்புரேட்டர் நிரம்பிவிட்டது, எல்லாம் சரி. நிற்காமல் வேகமாக அடித்தால், டேங்க் காலியாக இருக்கிறது அல்லது உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. ஓசையே இல்லையென்றால், மின்சாரம் வரவில்லை அல்லது தொடுமுனை கரிந்துவிட்டது. தொடுமுனை கரிந்த பம்ப்பை ஓட்டுநர்கள் ஸ்பேனரின் பிடியால் மெல்லத் தட்டுவார்கள். பம்ப் உயிர் பெறும். தட்டினால் ஓடுகிறது என்பது குணமாகிவிட்டது என்று பொருளாகாது. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது என்றுதான் பொருள்.

டீசல் வண்டிகளின் தனி வழி

டீசல் என்ஜினில் எரிபொருளை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் டீசல் இன்ஜெக்ஷன் பம்ப்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இதன் பிறகு டீசல் என்ஜின் லாரிகளுக்கும் கார்களுக்கும் ஏற்றதாக மாறியது. இந்தியாவில் பாஷ் தொடர்புடன் 1951-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனம் இத்தகைய பம்ப்களைத் தயாரித்தது.

டீசல் வண்டியின் அறியப்பட்ட நோய் 'ஏர் லாக்'. டேங்க் காலியாகும் வரை ஓட்டினாலோ, ஃபில்டரை மாற்றினாலோ குழாய்க்குள் காற்று புகும். காற்று சுருங்கக் கூடியது என்பதால், பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜெக்டர் திறப்பதற்கு வேண்டிய அழுத்தம் உருவாகாது. பழைய வண்டிகளில் ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கை பம்ப்பை அழுத்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுவார்கள். பெட்ரோல் வண்டியின் ஆவி அடைப்பும் டீசல் வண்டியின் காற்று அடைப்பும் பெயரளவில் வேறானவை; இரண்டிலும் நீர்மம் போக வேண்டிய வழியில் வாயு உட்கார்ந்துகொண்டது என்பதே நோய். இரண்டாவது கேள்வி இங்கும் பொருந்துகிறது.

1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்த 'காமன் ரெயில்' முறையில் அழுத்தம் 1,350 பார் அளவுக்கு உயர்ந்தது. இந்த வகை வண்டிகளில் என்ஜின் ஓடும்போது குழாயைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும்.

டேங்குக்குள் போன பம்ப்

பெட்ரோல் கார்களில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் பீய்ச்சும் முறை பிடித்தபோது நிலைமை மாறியது. 1967-ல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் முறை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. அதற்கு ஏறத்தாழ 2 பார் அழுத்தம் தேவைப்பட்டது. டயஃப்ரம் பம்ப்பால் அது இயலாது. எனவே சுழலும் மின் மோட்டார் பம்ப் வந்தது. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்தப் பம்ப்பின் அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் கார்களில் இதற்கு மேல் ஒரு உயரழுத்தப் பம்ப்பும் உண்டு.

இந்தப் பம்ப் பிற்காலத்தில் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கும்படி வைக்கப்பட்டது. இழுப்பதைவிடத் தள்ளுவது எளிது. தள்ளும்போது குழாயில் அழுத்தம் கூடுவதால் ஆவி அடைப்பும் பெரும்பாலும் மறைந்தது. ஈரத்துணி வைத்தியம் காலாவதியானது.

மின்பொறி எழும் மோட்டாரைப் பெட்ரோலுக்குள் வைத்தால் தீப்பிடிக்காதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எரிவதற்குக் காற்று வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். மூழ்கிய மோட்டாருக்குள் காற்றில்லை. டேங்கின் மேற்பகுதியில் பொதுவாக இந்த எல்லையைக் கடந்த அடர்த்தியில் ஆவி இருக்கிறது.

புதிய இடம் புதிய குறையைத் தந்தது. பம்ப் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலையும் தன் வழியே ஓடும் பெட்ரோலையும் கொண்டுதான் அது குளிர்கிறது. எப்போதும் ரிசர்வ் அளவிலேயே வண்டியை ஓட்டுபவரின் பம்ப் சூடாகி விரைவில் தேயும். மேலும் அது ஃபியூஸ், ரிலே, வயர், என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி ஆகிய அனைத்தையும் நம்பி இருக்கிறது. இவற்றில் எது தவறினாலும் பழி பம்ப்பின் மீது விழும்.

பம்ப்பே குற்றவாளியான நிகழ்வுகளும் உண்டு. 2020 ஜனவரியில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 7 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பம்ப்புக்குள் சுழலும் சிறு பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, உறையில் உரசி நின்றுவிடக்கூடும் என்பதே காரணம். அதிவேகச் சாலையில் என்ஜின் திடீரென்று நிற்பது உயிர்ப் பிரச்சினை. இந்தியாவிலும் 2024 அக்டோபரில் ஹோண்டா நிறுவனம் பம்ப் சக்கரக் குறைக்காக 90,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. இத்தகைய அழைப்பின் கீழ் வரும் வண்டிக்குப் பம்ப் இலவசமாக மாற்றித் தரப்படும். எனவே காசு கொடுத்துப் பம்ப் மாற்றும் முன், வண்டி எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்ப்பது நல்லது.

இந்திய இருசக்கர வண்டிகள் தாண்டிய நூறாண்டு

மாடல் டி காரின் புவியீர்ப்பு முறை நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் 2020 வரை வாழ்ந்தது. என்ஜினுக்கு மேலே டேங்க். நடுவில் ஒரு பெட்ரோல் டேப். அதில் 'ரிசர்வ்' என்பது தனி டேங்க் அன்று. டேங்குக்குள் உயரமான ஒரு குழாயும் தாழ்வான ஒரு துளையும் இருக்கும். பெட்ரோல் உயரக் குழாயின் மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் வண்டி நிற்கும். டேப்பைத் திருப்பினால் தாழ்வான துளை வழியே மீதிப் பெட்ரோல் இறங்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான இருசக்கர வண்டிகள் எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறின. கார்கள் ஏறத்தாழ நூறாண்டுகளில் படிப்படியாகக் கடந்த தூரத்தை அவை ஒரே தாவலில் கடந்தன. டேப் மறைந்தது, டேங்குக்குள் மின் பம்ப் வந்தது. பழைய வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கிளப்பிய பழக்கமும், பெட்ரோல் தீரும்வரை ஓட்டும் பழக்கமும் இதற்கு ஒவ்வாதவை. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால், கிக்கரை எவ்வளவு உதைத்தாலும் பம்ப் ஓடுவதற்கு மின்சாரம் போதாமல் போகலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் கவனத்துக்குரியது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை உடையது. நீர் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப்பின் வடிகட்டி இருப்பதும் அதே அடியில்தான். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் இதை முதலில் ஐயப்பட வேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் சவ்வுகளும் எத்தனாலால் கெட்டுப்போகக் கூடும்.

இன்றைய காரில் பழுதறியும் வரிசை

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் என்ஜின் கிளம்பாத பெட்ரோல் காரில், செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.

1. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? அளவு காட்டும் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம்.

2. சாவியைத் திருப்பியதும் பின் இருக்கைப் பக்கம் இரண்டு விநாடி ரீங்கார ஓசை கேட்கிறதா? பெரும்பாலான கார்களில் கேட்கும். எஸ்.யு. பம்ப்பின் 'டிக்' ஓசைக்கு வாரிசு இது.

3. ஓசை இல்லையென்றால் ஃபியூஸைப் பார்க்கவும். அடுத்து ரிலே. அதே வகையான வேறொரு ரிலேயை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சில கார்களில், மோதல் அதிர்ச்சியில் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் அது விடுபடக் கூடும். அதை அழுத்திவிட்டால் போதும்.

4. இவை சரியென்றால், பம்ப்பின் இணைப்பில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பம்ப்புக்கு மின்சாரம் முழுமையாக வந்தும், எர்த் இணைப்பு நன்றாக இருந்தும் அது சுழலவில்லை என்றால்தான் பம்ப் பழுது.

5. ஓசை கேட்டும் வண்டி கிளம்பவில்லை என்றால் அழுத்தத்தை அளவி கொண்டு பார்க்க வேண்டும். அழுத்தம் குறைவென்றால் ஃபில்டர் அடைப்பு, அழுத்தச் சீராக்கி, பம்ப் தேய்மானம் என்ற வரிசையில் ஆராயலாம். அழுத்தம் சரியென்றால் பம்ப்பை விட்டுவிட்டு ஸ்பார்க், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

6. இரவு நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் சுற்றிய பிறகே கிளம்புகிறதா? சாவியை இரண்டு மூன்று முறை திருப்பி நிறுத்திவிட்டுக் கிளப்பினால் உடனே கிளம்புகிறதா? அப்படியானால் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு கசிகிறது என்று ஐயப்படலாம். இது மூன்றாவது கேள்வியின் நோய்.

7. ஓடி ஓடிச் சூடானதும் நின்று, ஆறியபின் கிளம்பினால் பம்ப்பின் மோட்டார் தேய்ந்திருக்கலாம். ஆனால் சூட்டில் தளரும் ரிலேயும் இதே அறிகுறியைக் காட்டும்.

பாதுகாப்பு

குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பம்ப்பின் ஃபியூஸை எடுத்தால், மீந்த பெட்ரோல் எரிந்து என்ஜின் தானே நிற்கும். பிறகு பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். மூடிய அறையில் வேலை செய்யக் கூடாது. அருகில் தீயோ புகையோ கூடாது. குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. சிறிதளவு பெட்ரோல் நுரையீரலுக்குள் போனாலும் கடுமையான அழற்சி உண்டாகும்.

தொகுப்பாக

பின்னோக்கி மேடேறிய மாடல் டி ஓட்டுநரும், ஈரத்துணி போட்ட டாக்சி ஓட்டுநரும், இன்று அளவியைப் பொருத்தும் மெக்கானிக்கும் ஒரே ஆராய்ச்சியைத்தான் செய்கிறார்கள். விசை, வரத்து, அழுத்தம் என்ற வரிசையில் கேட்டுப் பார்த்த பிறகும் விடை பம்ப்பையே சுட்டினால், தயங்காமல் மாற்றலாம். பம்ப்போடு ஃபில்டரையும் பார்த்து, டேங்கின் அடியையும் சுத்தம் செய்ய வேண்டும். பழைய பம்ப்பைக் கெடுத்த அழுக்கு அங்கேயே இருந்தால், புதிய பம்ப்பையும் அது கெடுக்கும்.